ஊமைப் போனின் சாட்சி

அத்தியாயம் ஒன்பது

அடுத்தவர் புருஷன் எங்கே போகிறான், யாரோடு போகிறான் என்று கண்டுபிடித்துக் கொடுத்தே பிழைத்தவள் நோயெமி. சொந்தப் புருஷன் எப்படிச் செத்தான் என்பதை மட்டும் ஒரு வருடமாக அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"திங்கட்கிழமை கோப்பை மூடுறோம் டோனா நோயெமி. அதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னுதான் கூப்பிட்டேன்" என்றார் டாக்டர் அமில்கார். மேசைமேல் செய்தித்தாளை விரித்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அவர் வைத்தியர் இல்லை. காவல் நிலையத்துக்குப் புதிதாக வந்த அதிகாரி. பிரேசிலின் போர்த்து அலெக்ரெயில் காவல் அதிகாரியையும் டாக்டர் என்றுதான் கூப்பிட வேண்டும். "ஒரு ஊசி போடத் தெரியாது, டாக்டராம்" என்று ஜுஸாரா படியேறும்போதே முணுமுணுத்திருந்தாள்.

ஜுஸாரா நோயெமியின் உதவியாளர். வாய் அதிகம். மூளை அதைவிட அதிகம் என்பதால் நோயெமி வாயைப் பொறுத்துக்கொண்டாள்.

"தற்கொலைன்னு மூடுறீங்க" என்றாள் நோயெமி.

"சாட்சி இருக்கே. உங்க வீட்டுக்காரரோட நண்பர். எட்கார் லாங்கே. கடைசியா அவர்கிட்டதான் பேசியிருக்காரு."

"அவன்கிட்ட சொல்லிட்டுப் போனார்னு துக்க வீட்டுலயே சொன்னான். என்ன சொன்னாராம்? இதுவரைக்கும் உங்க ஆளுங்க யாரும் எனக்குச் சொல்லல."

அமில்கார் தயங்கினார். பிறகு, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்பதுபோல் ஒரு சுளையைப் பிய்த்தார். "போன் பண்ணினாராம். குரல் நடுங்கிச்சாம். 'எட்கார், இனி என்னால முடியல, நோயெமியப் பார்த்துக்கோ'ன்னாராம். அப்புறம் அழுதாராம்."

நோயெமி அவரையே பார்த்தாள். "குரல் நடுங்கிச்சா?"

"ஆமா."

"எந்தப் போன்லேர்ந்து?"

"அவரோட போன்தான். அதுல சந்தேகமே இல்ல. உங்க வீட்டுக்காரர் எண்லேர்ந்து எட்கார் எண்ணுக்கு அழைப்பு போயிருக்குன்னு போன் கம்பெனியே உறுதி பண்ணிச்சு. பேசி முடிச்சு, போனை முழுசா அணைச்சு, மேசைமேல ஒழுங்கா வெச்சிட்டு மொட்டைமாடிக்குப் போய்க் குதிச்சிருக்காரு. முடிவெடுத்தவங்க பலபேர் அப்படித்தான் செய்வாங்க."

ஜுஸாரா கேட்காமலே ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டிருந்தாள். மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"அந்தப் போன் இப்ப எங்க டாக்டர்?" நோயெமியின் குரலில் எந்த மாற்றமும் இல்லை. அவள் குரல் மாறாதபோதுதான் பயப்பட வேண்டும் என்று ஜுஸாராவுக்குத் தெரியும்.

"அன்னிக்குப் பையில போட்டு முத்திரை வெச்சது. அப்படியே இருக்கு. கோப்பு மூடினதும் உங்ககிட்ட கொடுத்துடுவோம்."

"சனிக்கிழமை எங்க ஆளுங்க ஒரு கூட்டம் போடுறாங்க. என் வீட்டுக்காரர் நினைவா. வங்கி ஊழியர் சங்கக் கூடத்துல. நீங்க வரணும். அந்தப் பையோட வரணும். முத்திரையை அங்க, எல்லார் கண்ணு முன்னாடியும், நீங்களே உடைக்கணும்."

"எதுக்கு?"

"நான் நினைக்கிறது தப்பா இருந்தா, திங்கட்கிழமை நானே வந்து தற்கொலைன்னு கையெழுத்துப் போடுறேன்."

அமில்கார் அவளை எடைபோட்டார். பிறகு ஆரஞ்சுத் தோலைச் செய்தித்தாளோடு சுருட்டினார். "கூட்டத்துல மாத்தே டீ உண்டா?"

"கெண்டி கெண்டியா இருக்கும் டாக்டர்" என்றாள் ஜுஸாரா. "வேகவெச்ச பைன் கொட்டையும் உண்டு. எங்க ஆளுங்க குளிச்சிட்டு வருவாங்களான்னு மட்டும் உறுதி சொல்ல முடியாது."

தெருவுக்கு வந்ததும் தெற்கத்திக் காற்று முகத்தில் அறைந்தது. குளிர்காலத்தில் அந்த ஊரை உலுக்கும் அந்தக் காற்றுக்கு மினுவானோ என்று பெயர். அவள் புருஷன் வால்டிரும் நண்பர்களும் தாங்கள் செய்துகொண்டிருந்த காரியத்துக்கும் அதே பெயரை வைத்திருந்தார்கள். மேசைக் கணினிகளில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத் தொகுப்பு ஒன்றை எடுத்து, கை காலை வெட்டிச் சின்னதாக்காமல், முழுசாக அப்படியே கம்பெனிகள் கைகழுவிவிட்ட பழைய போன்களுக்குள் குடியேற்றுவதுதான் அந்தக் காரியம். குடியேறிய பிறகு போன் சொந்தக்காரன் சொன்னபடி கேட்கும். ஆனால் தான் ஒரு போன் என்பதே பாதி நேரம் அதற்கு மறந்துவிடும்.

வால்டிர் வைத்திருந்த மாடலில் தீராமல் நின்ற குறை குரல். அழைப்பு போகும். எதிராளி பேசுவது இங்கே கேட்கும். இங்கே பேசுவது மட்டும் அங்கே போகாது. மைக்கிலிருந்து, லைனில் அனுப்பிவைக்கும் மோடத்துக்குக் குரலைக் கொண்டுபோகும் நிரல்துண்டை யாரும் எழுதி முடித்திருக்கவில்லை. எண் பொத்தானை அழுத்தினால் வரும் பீப் ஒலியை மோடமே போட்டுக்கொள்வதால், அது ஒன்றுதான் அந்தப் பக்கம் போய்ச் சேரும். ஆகவே மினுவானோக்காரர்கள் எல்லோரும் பீப்பிலேயே குடும்பம் நடத்தினார்கள். ஒரு பீப் என்றால் ஆமாம். இரண்டு என்றால் இல்லை.

"ரொட்டி வாங்கிட்டு வர்றியா?" பீப். "சாப்பாட்டுக்கு முன்னாடி வந்துடுவியா?" பீப், பீப். "பொய்யாவது ஒரு பீப் போடேன்டா." நீண்ட மௌனம். பிறகு ஒரு பீப்.

மற்றவர்கள் அவசரத்துக்கென்று ஒரு சாதாரணப் போனை உள்பையில் ஒளித்து வைத்திருப்பார்கள். கேட்டால் "மாமியாரோடது" என்பார்கள். ஒளித்து வைக்காதவர்கள் இரண்டே பேர் என்று கூட்டத்தில் பேச்சு. ஒருவன் வால்டிர். இன்னொருவன் தலைவன் எட்கார்.

"ஊமைப் போன் அழுதிருக்கு" என்றாள் ஜுஸாரா, கழுத்துத் துணியை இறுக்கிக்கொண்டு. "பாதிரியார்கிட்ட சொன்னா அற்புதம்னு எழுதிக்குவாரு."

நோயெமி சிரிக்கவில்லை. "அவன் தலைவன்டி. பொய் சொல்றவன் அந்தப் போன்லேர்ந்து குரல் கேட்டேன்னா சொல்லுவான்? 'மெசேஜ் அனுப்பினான்'னு சொல்லிட்டுப் போயிருப்பானே."

"அதான் எனக்கும் இடிக்குது."

"இன்னொன்னும் இருக்கு." சொல்ல நோயெமிக்குப் பிடிக்கவில்லை. "குரல் போற அந்தத் துண்டை எட்கார் அப்புறம் வெளியிட்டான்ல? அவர் போன கொஞ்ச நாள்ல."

"தன் பேர்ல வெளியிட்டான். ஆனா அது வால்டிர் எழுத்து. வரிக்கு வரி கிண்டல். எட்காருக்கு கிண்டல் வராது, அறிக்கைதான் வரும். மடிக்கணினியிலேர்ந்து சுட்டிருக்கான்."

"அப்ப வால்டிர் சாகுறதுக்கு முன்னாடியே அதை எழுதி முடிச்சிட்டாரு. அன்னிக்குச் சாயங்காலம் தன் போன்லயும் போட்டிருந்தா?"

ஜுஸாரா நடையைத் தளர்த்தினாள்.

"போட்டிருந்தா எட்கார் சொல்றது நிஜம். அவரே குதிச்சாரு. அதுமட்டுமில்ல..." நோயெமி நடந்துகொண்டே சொன்னாள். "அந்தப் போன்லேர்ந்து வந்த முதல் குரலை அவனுக்குக் கொடுத்துட்டுப் போயிருக்காரு. எனக்கு இல்ல."

எதிர்க்காற்றில் இருவரும் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள்.

"டாக்டர் ரூம்லயே பையைத் திறக்கச் சொல்லியிருக்கலாமே" என்றாள் ஜுஸாரா.

"திறந்து, ஊமைன்னு தெரிஞ்சா? அவன் வக்கீலோட வருவான். 'துக்கத்துல ஏதோ சொல்லிட்டேன், மெசேஜா இருக்கலாம்'னு மாத்துவான். கதவுக்குப் பின்னாடி முடிஞ்சிடும்." நோயெமி நின்றாள். "ஒரு வருஷமா என் கோபத்துக்கு ஒரு முகம் இல்லாம இருந்துச்சு. இவன்தான்னா, அவனைக் கும்பிடுறவங்க முன்னாடி, அவன் வாயாலயே, பின்வாங்க முடியாதபடி அவன் சொல்லணும். எனக்கு ஜெயில் மட்டும் போதாது."

"ஞாபகப்படுத்துங்க, உங்ககிட்ட சம்பள உயர்வு கேட்கவே கூடாது."

அடுத்த நாள் மதியம் எட்கார் லாங்கேயைச் சாண்ட்விச் கடையில் பிடித்தார்கள். உயரமானவன். நரை கலந்த தாடியை அழகாகச் செதுக்கி வைத்திருப்பான். வால்டிர் செத்த பிறகு மினுவானோவின் முகமே அவன்தான். பழைய போன்களை மினுவானோவோடு பள்ளிக்கூடங்களுக்கு விற்க ஓர் இறக்குமதிக்காரரோடு ஒப்பந்தமும் போட்டிருந்தான். அதில் ஒரு நிபந்தனை இருந்தது. வாங்கியவர்கள் உள்ளே எதையும் மாற்ற முடியாதபடி போனைப் பூட்டித்தான் விற்க வேண்டும். வால்டிர் உயிரோடிருந்தவரை அது நடக்கவில்லை. பூட்டு என்ற சொல்லே அவனுக்கு ஆகாது. சொந்தப் போனுக்கே கடவுச்சொல் போடாதவன்.

"நோயெமி!" எட்கார் எழுந்து கன்னத்தில் முத்தமிட்டான். அவள் கன்னத்தைக் கொடுத்தாள். "நீங்க சனிக்கிழமை வர்றீங்கன்னு கேட்டதும் மனசு நிறைஞ்சுடுச்சு."

"ஒரு உதவி வேணும் எட்கார். கடைசியா அவர் உன்கிட்ட என்ன சொன்னார்னு டாக்டர் சொன்னாரு. நீ ஏன் என்கிட்ட சொல்லல?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். அந்த ஊர்ச் சாண்ட்விச்சுக்குள் வைக்கும் கோழி இதயங்கள் பாதி தின்றபடி கிடந்தன. "உங்களுக்கு வலிக்கும்னுதான்."

"இப்பவும் வலிக்குது. ஆனா கூட்டத்துல எல்லாருக்கும் சொல்லு. அவரை நேசிச்சவங்களுக்கு அது தெரியணும். உன் வாயால கேட்டா நானும் நம்பிடுவேன்."

அவன் கண்கள் ஈரமாயின. அந்த ஈரத்தை நோயெமி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீங்க கேட்டு நான் மறுப்பேனா?"

"சுவரொட்டிக்கு வால்டிர் படம் ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன், சரியா இருக்கா பாருங்க" என்று ஜுஸாரா தன் மினுவானோ போனை நீட்டினாள். எட்கார் வாங்கி, படத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். தலையை ஆட்டினான். பிறகு, பார்க்கத் தாங்கவில்லை என்பதுபோல், பக்கவாட்டுப் பொத்தானைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தித் திரையை அணைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

ஜுஸாரா போனைப் பார்த்தாள். நோயெமியைப் பார்த்தாள். அவள் முழங்கையைப் பிடித்து வாசல் பக்கம் நகர்த்தினாள்.

கடையை விட்டு மூலை திரும்பியதும் வெடித்தாள். "பார்த்தீங்களா? பொத்தானை அழுத்திட்டான்!"

"எந்தப் பொத்தான்?"

"இந்த எழவெடுத்த பொத்தான்தான்! மினுவானோ பொறப்புல கணினி. கணினியில இந்தப் பொத்தானை அழுத்தினா என்ன ஆகும்? மொத்தமும் படுத்துடும். போன்லயும் அதேதான் பண்ணுது, இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் அதைச் சரிபண்ண நேரமில்ல. திரையை அணைக்கணும்னா ரெண்டு தட்டு தட்டணும். இந்தப் பொத்தானை அழுத்தி, பாதி எழுதின வேலையெல்லாம் பறிகொடுத்து, அழுது அழுது எங்க எல்லாருக்கும் கட்டைவிரலே கூசும். என் பொண்ணு லிஃப்டுல பொத்தான் அழுத்தவே பயப்படுறா! இவன் சும்மா பூ பறிக்கிற மாதிரி அழுத்துறான். மூணு வருஷமா 'என் கையில மினுவானோ தவிர வேற போன் கிடையாது'ன்னு மேடைபோட்டுச் சொல்றவன்!"

நோயெமி நின்றுவிட்டாள். "அவன் அதைப் பயன்படுத்தினதே இல்ல."

"கையில வெச்சிருக்கான். பேசுறது வேற போன்ல. பூசாரி சட்டைக்குள்ள வேற சாமி."

"அதான் அது ஊமைன்னு அவனுக்குத் தெரியல. துண்டை வெளியிட்டப்பவும், குரலைத் தெளிவாக்குற சமாச்சாரம்னுதான் நினைச்சிருப்பான்." ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் விழுந்துகொண்டிருந்தது. "போனை முழுசா அணைச்சு மேசைமேல வெச்சிருந்துச்சுன்னு டாக்டர் சொன்னாரே. வால்டிர் அந்தப் பொத்தான் பக்கமே போகமாட்டாரு."

"திரையை மட்டும் அணைக்கப் பார்த்த கட்டைவிரல் அது." ஜுஸாராவின் குரல் இறங்கிவிட்டது. "ஒரு கையில அவரோட போன், இன்னொரு கையில தன்னோட போன். தானே அடிச்சு, தானே எடுத்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டிருக்கான். நாய்ப்பய."

"கட்டைவிரல் சாட்சி சொல்லாது. வழக்கம்னு சொல்லுவான், தவறுதலா பட்டுச்சுன்னு சொல்லுவான்." நோயெமி மறுபடி நடக்கத் தொடங்கினாள். "எல்லாம் அந்தப் பைக்குள்ள இருக்கு. குரல் வந்துச்சுன்னா நான் செத்தேன்."

சனிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. வாசலில் மேசைபோட்டு, வருகிறவர்களின் பழைய போன்களில் மினுவானோவை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாத்தேக் குடுவை கைக்குக் கை மாறி வட்டமடித்தது. சுவரில் வால்டிர், முன்பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அமில்கார் கடைசி வரிசையில் பைன் கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். மடியில் ஒரு காகிதப் பை.

எட்கார் மேடையில் நன்றாகப் பேசினான். வால்டிரின் உழைப்பு, வால்டிரின் பிடிவாதம், வால்டிரின் தனிமை. தனிமை என்ற சொல்லில் நோயெமி நகங்களை உள்ளங்கையில் பதித்தாள். கடைசியில் அவன் அவளைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

"நோயெமி கேட்டுக்கிட்டதால சொல்றேன். அன்னிக்கு ராத்திரி நான் வீட்டுல இருந்தேன். போன் அடிச்சுது. வால்டிர். 'எட்கார், இனி என்னால முடியல'ன்னான். அந்தக் குரல்... இப்பவும் காதுல இருக்கு. நடுங்குது. 'நோயெமியப் பார்த்துக்கோ'ன்னான். அப்புறம் அழுதான். நானும் அழுதேன். அவன் அழுகை நின்னதும் லைன் கட்டாச்சு."

முன்வரிசையில் ஒருவர் மூக்கைச் சிந்தினார். மூன்றாவது வரிசையில் ஒஸ்மார், பேட்டரி பிரச்சினைகளுக்கென்றே பிறந்த ஆள், கையை உயர்த்தினார். "எட்கார், அவன் எந்தப் போன்லேர்ந்து பேசினான்? அவன்கிட்டதான் ரெண்டாவது போன் கிடையாதே."

"அவனோட மினுவானோ போன்லேர்ந்துதான்" என்றான் எட்கார், கொஞ்சம் பெருமையாகவே. "கடைசி மூச்சு வரைக்கும் அதைத்தான் நம்பினான். போலீஸ்காரங்களே பதிவை எடுத்துப் பார்த்தாச்சு."

மூக்குச் சிந்தும் சத்தம் நின்றது. மாத்தேக் குடுவை ஒருவர் கையில் அப்படியே நின்றுவிட்டது. வாசல் மேசையில் தட்டச்சுச் சத்தமும் ஓய்ந்தது. கூடம் முழுக்க ஒவ்வொருவராகத் தலை நிமிர்த்தினார்கள்.

எட்கார் தாடியைத் தடவினான். தன் பேச்சு அவர்களை உலுக்கிவிட்டது என்று நினைத்தான். அந்தக் கூடத்தில் விஷயம் புரியாதவன் அவன் ஒருவன்தான்.

நோயெமி எழுந்தாள். "எட்கார், அந்த மாடல்ல அப்ப குரல் போகாது. இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அவரோட பேசணும்னா நான் கேட்பேன், அவர் பொத்தான் அழுத்துவாரு. கல்யாண நாளுக்குக்கூட எனக்கு வாழ்த்து பீப்லதான் வந்துச்சு. உனக்கு மட்டும் எப்படி அழுதாரு?"

ஒரு கணம் அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை, கழுவிய தட்டுபோல. ஆனால் அவன் முட்டாள் இல்லை. மெல்ல, இரக்கத்தோடு சிரித்தான்.

"நோயெமி, உங்க வலி எனக்குப் புரியுது. குரலை அன்னிக்குத்தான் சரி பண்ணினான். அந்தத் துண்டை அன்னிக்குச் சாயங்காலம்தான் முடிச்சான். தன் போன்ல போட்டுட்டு முதல் அழைப்பா எனக்கு அடிச்சான். ஒரு தப்பை ஒத்துக்கறேன், அந்தத் துண்டை நான் என் பேர்ல வெளியிட்டேன். அது அவனோடது. அதை அவனே எனக்கு அனுப்பியிருந்தான். இன்னிக்கு எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. சிலர் தலையாட்டினார்கள். திருட்டை ஒத்துக்கொண்டு கொலையிலிருந்து நழுவிவிட்டான். நோயெமி இரண்டு இரவுகளாக எதை நினைத்துப் பயந்தாளோ, அதையே அவன் சொல்லிவிட்டான். அது நிஜமாகவும் இருக்கலாம்.

"டாக்டர், பையைத் திறங்க" என்றாள்.

அமில்கார் முன்னே வந்து, முத்திரையை நாலு பேரிடம் காட்டிவிட்டு உடைத்தார். மூலை நசுங்கிய பழைய போன் வெளியே வந்தது. ஜுஸாரா சார்ஜரைச் செருகினாள். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்துக்கள் சரசரவென்று மேலே ஓடின, சாதாரணப் போனில் யாரும் பார்த்திராத கணினியின் விழிப்பு. அந்த எண் செத்துப்போகாமல் இருக்க நோயெமி இத்தனை மாதமும் யாருக்கும் சொல்லாமல் ரீசார்ஜ் போட்டு வந்திருந்தாள். சிக்னல் கம்பிகள் ஒவ்வொன்றாக எழுந்தன.

"அதுலேர்ந்து எனக்குப் போன் அடி" என்றாள் நோயெமி ஜுஸாராவிடம்.

அவள் போன் அடித்தது. திரையில் 'வால்டிர்' என்று வந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்துவிட்டாள். எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, கூடத்தின் கடைசிக்கு நடந்து போனாள். மேடையில் ஜுஸாரா பழைய போனை எட்காரின் வாயருகே நீட்டினாள்.

"அவன் சொன்னதையே சொல்லுங்க. மெதுவா, ரகசியம் மாதிரி. சத்தம் காத்துல வரக் கூடாது, லைன்ல வரணும்."

எட்காரின் உதடுகள் அசைந்தன.

நோயெமி கண்களை மூடிக்கொண்டாள். வாழ்க்கையில் எத்தனையோ முறை இந்த மௌனத்தைச் சபித்திருக்கிறாள். ஒரு வார்த்தை பேசித் தொலையேன் என்று கத்தியிருக்கிறாள். இன்று அதே மௌனத்தைக் கேட்டுக் கெஞ்சினாள். பேசாதே வால்டிர். பேசிடாதே.

போனில் எதுவும் வரவில்லை. ஓர் இரைச்சல்கூட இல்லை. அவளைச் சுற்றி நின்றவர்கள் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு குனிந்திருந்தார்கள். மேடையில் எட்கார் பேசிக்கொண்டே இருந்தான். உதடுகள் மட்டும் மீன்போல் திறந்து மூடின.

வால்டிர் துண்டை எழுதினான். தன் போனில் போட அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. யாரோ கிடைக்கவிடவில்லை.

"ஒண்ணும் கேட்கல" என்றார் ஒஸ்மார், உரக்க.

"கெட்டுப்போயிருக்கும்!" எட்கார் மேடையிலிருந்து கத்தினான். இப்போது அவன் குரல் நிஜமாகவே நடுங்கியது. "ஒரு வருஷம் பையில கிடந்தது! லைனே போயிருக்காது!"

நோயெமி போனைக் காதோடு சேர்த்தாள். பழக்கம். அந்த வெறுமையில் அவள் எப்போதும் கேள்விதான் கேட்பாள். யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"இவன்தானே?"

மேடையில் ஜுஸாரா, எட்காரை முறைத்துக்கொண்டே, லைன் உயிரோடிருக்கிறது என்று காட்ட ஒரு பொத்தானை அழுத்தினாள்.

பீப்.

ஒரே ஒரு பீப். கூடம் முழுக்கக் கேட்டது. அது எதற்குப் பதில் என்று ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் சுவரில் கை ஊன்றிக்கொண்டாள்.

"லைன் ஜம்முனு இருக்கு தலைவரே" என்றாள் ஜுஸாரா. "பொத்தான் போகுது, குரல் போகல. அப்படித்தான் இருந்துச்சு, அப்படியேதான் இருக்கு."

அமில்கார் கையிலிருந்த கொட்டைத் தோலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மேடையேறினார். "எட்கார் அவர்களே, அன்னிக்கு உங்க போன் எங்க இருந்துச்சுன்னு எங்க ஆளுங்க கேட்கவே இல்ல. துக்கத்துல இருந்தீங்கன்னு விட்டுட்டோம். இப்ப கேட்கப்போறோம். உங்க போனைக் கொடுங்க."

எட்கார் கையிலிருந்த மினுவானோ போனை நீட்டினான்.

"இது இல்ல. நீங்க பேசுற போன்."

அவன் அசையவில்லை. ஜுஸாரா தன் போனில் அவன் எண்ணை அடித்தாள். அவன் நீட்டிய கை அமைதியாக இருந்தது. கோட்டின் உள்பையில் ஏதோ இனிமையாகப் பாடியது. அமில்கார் கைவிட்டு எடுத்தார். பளபளவென்று, கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கும் வகை.

கூடத்திலிருந்து ஒரு முனகல் எழுந்தது. மூன்று வருடம் அவன் பேச்சைக் கேட்டுச் சொந்தப் போன்களை உடைத்துத் திறந்தவர்கள், மாமியார் போனை ஒளித்து வைத்துக் குற்றவுணர்வில் வாடியவர்கள். "துரோகி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவனைத் தின்றது. முகம் சிவந்து, கழுத்து வரை இறங்கியது. நோயெமி ஒரு வருடமாகக் காத்திருந்த முகம் அது. ஒன்றையும் தவறவிடாமல் பார்த்தாள்.

அமில்காரோடு வந்த காவலர்கள் அவனைக் கீழே இறக்கிக் கூட்டிவரும்போது வழி அவளைத் தாண்டித்தான் போயிற்று. அவன் நின்றான். செதுக்கிய தாடி ஈரமாக இருந்தது. இந்த முறை அந்த ஈரம் நிஜம்.

"நோயெமி... தள்ளணும்னு நினைக்கல. ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுன்னுதான் கேட்டேன். சட்டையைப் பிடிச்சேன், அவன் உதறினான். அவ்வளவுதான். சத்தியமா அவ்வளவுதான்." கைகளைக் கூப்பாத குறை. "மன்னிக்க முடியுமா? சொல்லுங்க. ஏதாவது சொல்லுங்க."

அமில்கார் அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் மனதில் எழுதிக்கொண்டார்.

நோயெமி ஜுஸாராவிடமிருந்து வால்டிரின் போனை வாங்கினாள். அழைப்பு இன்னும் துண்டிக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. தன் போனை எட்காரின் காதருகே பிடித்து, மூலை நசுங்கிய அந்தப் போனில் நிதானமாக அழுத்தினாள்.

பீப். பீப்.

கூடத்தில் எல்லோருக்கும் புரிந்தது. அவன் மட்டும் ஒன்றும் விளங்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான், காவலர்கள் இழுத்துப்போகும்வரை.